ஐயனாரடியில் நின்ற குழல்

கேற்றுக்குத் தூண் நடுவதற்காகக் கொண்டுவந்த இரும்புக் குழாயை மதிலோடு சாய்த்து வைத்துவிட்டு வெல்டிங்காரர் சாப்பிடப் போய்விட்டார். சோளகக் காற்று தொடங்கிவிட்டது. வவுனியா நெளுக்குளத்தில் எங்கள் முற்றத்துக்குக் காற்று நேரே வரும், மறிக்க ஒன்றுமில்லை. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்ல மத்தியானம். முற்றத்தில் யாரோ வாயை மூடிக்கொண்டு கதைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. சொற்கள் இல்லை, ஆனால் ஏதோ சொல்ல வருகிறவர்களின் இழுவை அதில் இருந்தது. எட்டிப் பார்த்தால் குழாய். அதன் வாயில் காற்றுப் பட்டு ஊதிக்கொண்டிருந்தது.

பென்சன் எடுக்கிற வயதில், பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த ஒருத்தி, பட்டப்பகலில் ஒரு குழாய்க்குப் பயந்து குசினிக் கதவைச் சாத்தினாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த வெல்டிங்காரரும் சிரித்தார்.

"தம்பி, உந்தக் குழாயை நிலத்திலை படுக்கப் போடுங்கோ. இல்லாட்டி வாயிலை ஒரு துணியெண்டாலும் அடையுங்கோ."

"என்ன ரீச்சர், பேய் பிசாசோ?"

"பேயுமில்லை ஒண்டுமில்லை. சத்தம் தலையிடிக்குது."

அவர் ஒரு முனையைத் தூக்க நான் மறுமுனையைப் பிடித்தேன். வேலை முடிந்தபிறகு கையை முகர்ந்து பார்த்தேன். இரும்பின் மணம் கையில் ஏறினால் சோப்புக்கும் லேசில் மசியாது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு அக்கராயன் வந்து சேர்ந்தது.

வன்னியில், அக்கராயன் குளத்துப் பாடசாலையில்தான் எனக்கு முதல் நியமனம். அக்காவும் அத்தானும் அங்கே இருந்ததால் தங்குமிடத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அத்தான் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டக்காரக் குடும்பம். குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்ததும், தாயும் சகோதரங்களும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அக்காவையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். சோடாப்போத்தல் கண்ணாடி போடுவார். அதைக் கழற்றினால் மாட்டுக்கும் மாட்டுவண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எதையும் ஒருக்கால் சொல்லிவிட்டால் சொன்னதுதான். பேய், பில்லி, சூனியம், நல்லநேரம், கெட்டநேரம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "உதெல்லாம் விசர்க்கதை" என்று ஓரமாக வைத்துவிடுவார். எனக்கும் அந்த வயதில் அது பெரிய அறிவாளித்தனமாகத் தெரிந்தது. நானும் அவரும் ஒரு கட்சி. அக்கா தனிக்கட்சி.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே, மாரிமழையை நம்பி விதைக்கிற காலபோகம் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அதற்கு முந்தின போகமும் அப்படித்தானாம். எல்லாம் பன்றி. ஒரு கூட்டம் இறங்கினால் போதும், விடியும்போது கதிர் சரிந்து, வயல் உழுததுபோலக் கிடக்கும். குளத்துத் தண்ணீரில் செய்கிற இந்தச் சிறுபோகமும் போனால் காணியைக் கைவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அத்தானின் தமையனார் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊர் என்றால் மாமியார் வீடு. ஒரே குசினி, நான்கு மருமக்கள். "அங்கை திரும்பிப் போறதெண்டால் நான் இந்தக் குளத்துக்குள்ளைதான் போவன்" என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

பன்றி சுட வீட்டில் துவக்கு இல்லாமல் இல்லை. அத்தானின் பெரியப்பா லைசென்சோடு கொடுத்த இடியன் ஒன்று இருந்தது. வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தைக் கொட்டி, ஈயச் சன்னம் போட்டு, கோலால் இடித்து இடித்து இறுக்குகிற துவக்கு, அதனால்தான் இடியன். ஆனால் அதன் குழல் எலி விழுங்கிய சாரைப்பாம்புபோல நடுவில் வீங்கியிருந்தது. இன்னொருமுறை சுட்டால் பன்றி தப்பும், சுடுகிறவர் தப்பமாட்டார். அடுத்த வாய்க்காலடியில் ஒருவர் அப்படியொரு குழலை நம்பிச் சுட்டு, இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலுமாக மிஞ்சிப்போய், பீடியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு திரிந்தார். அவரைக் கண்டுவிட்டு வந்த நாளில் அக்கா இடியனை எடுத்து நெல்லுப் பெட்டகத்துக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள்.

"நல்ல குழல் ஒண்டு கொண்டுவாங்கோ. அதுக்குப் பிறகு திறப்புத் தாறன்."

நல்ல குழல் வேண்டுமென்றால் நல்ல கண் வேண்டும். அத்தானிடம் அது இல்லை. "பிள்ளை, உனக்குக் கண் கூர்மை. வா" என்று என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார். வயதுவந்த ரீச்சர் ஒருத்தி சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு துவக்குக் குழல் பார்க்கப் போன காட்சியை என் மாணவர்கள் இரண்டு பேர் கண்டுவிட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பில் என் பட்டம் மாறியிருந்தது. என்ன பட்டம் என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

பட்டறைக்காரர் பெரிய வாய்க்காரர். அவருடைய துருத்தியைவிட அவர் கூடக் காற்று விடுவார். ஆனால் குழல் பார்க்கிற முறையை அவரிடம்தான் கண்டேன். வெயில் உச்சிக்கு வந்தபிறகுதான் பார்க்கவேண்டும். குழலை வானத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணை அதன் ஓட்டையில் வைத்தால் உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று போகும். எல்லா வளையமும் நடு ஒத்து நின்றால் குழல் நேர். ஒருபக்கம் இழுபட்டு நின்றால் கோணல். நான் கரும்பலகையில் எத்தனை தரம் கீறியும் சரிவராத ஒருமைய வட்டங்கள் அங்கே ஒரு பழைய இரும்புக்குள் இருந்தன. பார்த்தபிறகு குழலை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, புளியங்கம்பால் மெல்லத் தட்டிக் கேட்கவேண்டும். நல்லதென்றால் கோயில் மணி ஓய்வதுபோல இழுத்து ஓயும். வெடிப்பு இருந்தால் உடைந்த சட்டிச் சத்தம்.

அவர் வைத்திருந்த குழல்களில் ஒன்று லொறி ஸ்டியரிங்கிலிருந்து கழற்றியது. உள்ளே அம்மைத் தழும்பு. இன்னொன்றில் வளையங்கள் பிறைபிறையாக ஒதுங்கி நின்றன. மற்றது தண்ணீர்க் குழாய். அதைப் பார்க்கவே தேவையில்லை, தட்டியதும் அது தன் பிறப்பைச் சொல்லிவிட்டது.

"ஒண்டும் சரியில்லை அத்தான்."

பட்டறைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "ரீச்சர் கேக்கிறது சீமைக் குழல். அதுக்கு நான் எங்கை போறது? அப்பிடி நல்ல குழல் இந்தப் பக்கத்திலை ஐயனாரடியிலைதான் நிக்குது" என்றவர், வாயில் சுடுசோறு பட்டவர்போல நிறுத்திக்கொண்டார்.

அத்தான் விடவில்லை. நோண்டி நோண்டிக் கேட்டார். பட்டறைக்காரர் துருத்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பன்றியென்று நினைத்து மனிதரைச் சுட்டுவிடுவது அந்தப் பக்கத்தில் எப்போதாவது நடப்பதுண்டு. அப்படி ஆள் செத்தால் அந்தத் துவக்கைப் பிறகு யாரும் தூக்குவதில்லை. குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடியை அடைத்திருக்கிற இரும்பையும் எடுத்துவிட்டு, குளத்துக்கட்டு ஐயனாரடியில் அதன் வாயை மண்ணுக்குள் குத்தி நட்டுவிடுவார்கள்.

"ஏன் வாயை மண்ணுக்குள்ளை?"

"அது அப்பிடித்தான். தொடப்படாது."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தான்கூட யோசித்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் அத்தான் பேசிக்கொண்டே சைக்கிள் உழக்கினார். இரும்புக்கு ஆளைத் தெரியுமா, பன்றியைத் தெரியுமா? நல்ல குழல் துருப்பிடித்துப் போகிறது, இங்கே ஒரு குடும்பம் வயலைவிட்டு ஓடப்போகிறது. அவர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. பழைய வன்னிச் சனங்கள் யாராவது எங்களோடு வந்திருந்தால் அந்த இடத்துக்குக் கிட்டவும் விட்டிருக்கமாட்டார்கள். நாங்கள் வந்தேறிகள், எங்களுக்கு எல்லாம் விசர்க்கதை.

ஐயனாரடி குளத்துக்கட்டின் தூரத்து மூலையில், ஒரு பெரிய மருதமரத்தின் கீழே இருந்தது. சிலை இல்லை, ஒரு கல், ஒரு சூலம், எண்ணெய்ப் பிசுக்கு. உச்சி வெயிலில் ஒரு காகம் இல்லை, தவளை இல்லை. மரத்துக்குப் பின்னால் குழல்கள் நின்றன. முழங்கால் உயரத்துக்கு, சில சற்றுக் கூட. தூரத்தில் பார்த்தால் யாரோ வேலி போடத் தொடங்கி விட்டுப்போன கட்டைகள் என்றுதான் நினைப்பீர்கள். சோளகம் அடித்தது. எல்லாக் குழலும் ஒன்றாக ஊதவில்லை. ஒன்று தொடங்கி, அது நிற்க மற்றது தொடங்கியது. எனக்கு வந்த வழியே திரும்பிவிடவேண்டும்போல இருந்தது. அறிவாளிக் கட்சியில் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஓரமாய் நின்ற ஒன்றைப் பிடுங்கினார். மண்ணைக் குத்தி எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். வானத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். என்ன சொல்ல! அப்படியொரு குழலை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒரு சிரங்கு இல்லை, ஒரு கீறல் இல்லை. வளையங்கள் தண்ணீரில் கல் போட்டதுபோல நடு ஒத்துப் போய்க்கொண்டே இருந்தன. இவ்வளவு நாள் மழையில் நின்ற இரும்பு உள்ளே இப்படி மினுங்கக்கூடாதே என்று அப்போதுதான் தோன்றியது. மேல்விளிம்பு வேறு, கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த வெண்கலம்போல வழுவழுவென்றிருந்தது. கண்ணை எடுக்கும்போது மூக்கில் மணம் அடித்தது. துருமணம் இல்லை. வெற்றிலை மணம். இப்போதுதான் யாரோ மென்று துப்பிவிட்டுப் போனதுபோலப் பச்சை வெற்றிலை.

"அத்தான், உள்ளுக்குள்ளை வெத்திலை மணக்குது."

"அணில் கொண்டுவந்து போட்டிருக்கும்."

வெற்றிலை போடுகிற அணிலை அவரும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. ஆனாலும் நான் தலையாட்டினேன்.

பட்டறைக்காரர் அந்தக் குழலைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. அடியை அடைத்தார், கட்டையில் பொருத்தினார். கொடுக்கும்போது என்னைப் பார்த்தார்.

"ரீச்சர்தானோ உள்ளுக்குப் பாத்தது?"

"ஓம்."

"என்ன தெரிஞ்சது?"

"வெளிச்சம்தான்."

"நல்லது. இனிப் பாக்காதேங்கோ."

அக்காவுக்கு நாங்கள் குழல் வந்த இடத்தைச் சொல்லவில்லை. அவள் தட்டிப் பார்த்து, மணிச்சத்தம் கேட்டுச் சந்தோசப்பட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டாள். இடியன் விறாந்தைச் சுவரில் முளையில் தொங்கியது. பாடசாலை விடுமுறை தொடங்கியிருந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மத்தியானம் அக்கா குசினியிலிருந்து கூப்பிட்டாள். "பிள்ளை, உந்த ரேடியோவை நிப்பாட்டு. விளங்காத கதையைப் போட்டுக்கொண்டு..." ரேடியோ பற்றரி இறங்கி ஒரு கிழமையாகப் பேசாமல் கிடந்தது. நான் போய் இடியனின் வாயில் ஒரு பழந்துணியைச் செருகிவிட்டு வந்து, நிப்பாட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

நெல் முற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் விடியற்புறம் வாய்க்கால் பக்கம் உறுமல் கேட்டு அத்தான் துணியை உருவி எறிந்துவிட்டு மருந்து போட்டு இடித்துக்கொண்டு போனார். வெடிச்சத்தத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். வெடி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்து, துவக்கை மருந்தோடு அப்படியே முளையில் கொழுவிவிட்டுக் கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"என்னப்பா, பண்டி ஓடீட்டுதோ?"

"நிண்டது. நல்லாக் கிட்ட நிண்டது."

"பிறகேன் சுடேல்லை?"

அவர் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "இடிக்கேக்கை உள்ளுக்கை ஆரோ இருமினமாதிரி இருந்தது."

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அத்தான் எழுந்து, "மருந்து நெரிபட்ட சத்தமாயிருக்கும். பின்னேரம் சுட்டு வெறுமையாக்கிவிடுறன்" என்று சொல்லிக்கொண்டு வாய்க்கால் தண்ணீர் விஷயமாகப் போய்விட்டார். விசர்க்கதை என்று சொல்லவே மறந்துபோனார்.

அன்று மத்தியானம்தான் செல்லாயி வந்தாள். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, குளத்துக்கு அந்தப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்த சனங்களில் ஒருத்தி. நாற்று நடவுக்கும், கதிர் முற்றினால் அருவி வெட்டுக்கும் வருகிறவள், முகம் தெரியும். படலையைத் திறக்காமல் வெளியே நின்றாள். வாயில் வெற்றிலை.

"டீச்சரம்மா, எங்க வீட்டுக்காரரு ஒங்க வீட்ல இருக்காராம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளுடைய கணவர் செத்து ஆண்டுகளாகிவிட்டன. விறகு பொறுக்கப் போன இடத்தில் யாரோ பன்றியென்று சுட்டுவிட்டார்கள் என்று அக்கா முன்பு சொல்லியிருந்தாள். அது நினைவுக்கு வந்த கணத்தில் என் கண் விறாந்தைச் சுவரில் தொங்கிய இடியனுக்குப் போயிற்று.

"பட்டறைக்காரருதான் சொன்னாரு. நான் சண்டைக்கு வரலம்மா. வெள்ளிக்கெழம போய்ப் பாத்தா ஆளக் காணோம், ஓட்டதான் இருக்கு. ஒரு தடவ பேசிட்டுப் போயிர்றேன். அவசரம்."

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குத் தெரிந்தது, பட்டறைக்காரர் சொல்லாமல் விட்ட பாதி. வாய் மண்ணுக்குள் இருப்பது ஏனென்றால் செத்தவர் மண்ணுக்குள் இருப்பதால். மேல்முனையை அடைக்காமல் விடுவது ஏனென்றால் இருக்கிறவர்கள் அதில் வாயை வைத்துக் கதைப்பதற்காக. பழைய வன்னிச் சனத்தின் வழக்கம் அது. சுட்டவரே குழலை நட்டுவிட்டு இவளைக் கூட்டிக்கொண்டுபோய், இதில் சொல்லு, கேட்கும் என்று காட்டியிருக்கிறார். அன்றைக்குத் தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும் உச்சி வெயிலில் இவள் அங்கே போய்க் குந்தியிருந்து புருசனோடு கதைத்திருக்கிறாள். நாங்கள் அதைப் பிடுங்கிவந்து பன்றிக்கு வைத்திருக்கிறோம். கோயிலில் களவெடுத்தவர்கள்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்கமாட்டார்கள்.

அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் விளங்காமலே தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனாள். நான் என்ன சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது செல்லாயி சுவரிலிருந்து இடியனை இறக்கிவிட்டாள். நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தாள். அடிக்கட்டையை மடியோடு ஊன்றி, குழலின் வாயைத் தன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"மாத்தி வச்சிட்டீங்களேம்மா, தலகீழா இருக்காரு" என்றாள்.

உள்ளே மருந்து. மருந்துக்குமேல் சன்னம். அத்தான் இருந்த குழப்பத்தில் வெடித்தொப்பியைக்கூட எடுக்கவில்லை. குதிரை பாதி தூக்கி நின்றது. அது விழுந்தால் அந்தத் தொப்பியில்தான் விழும், விழுந்தால் வெடிதான். கத்த நினைத்தேன். கத்தி அவள் திடுக்கிட்டால்? பறித்து அது எங்கேயாவது தட்டுப்பட்டால்? மூச்சை அடக்கிக்கொண்டு பூனைபோல நகர்ந்து, அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, என் பெருவிரலைக் குதிரைக்கும் தொப்பிக்கும் நடுவில் வைத்தேன். அக்கா கையில் தேத்தண்ணீரோடு வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு அடி எடுத்துவைக்கவில்லை.

செல்லாயி குழலுக்குள் கதைக்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கிற குரல்.

"ஏங்க... நாந்தான். இங்க வந்து இருக்கீங்க, நான் அங்க தேடிட்டு... சரி விடுங்க. வசந்திக்குப் பேசி முடிச்சாச்சு. வர்ற புதங்கெழம தாலி. தருமபுரத்துப் பையன். குடிக்க மாட்டானாம், அப்புடித்தான் சொல்றாங்க. ஒங்க தங்கச்சி மகனுக்குத்தான் குடுக்கணும்னு நீங்க சொன்னது எனக்கு மறக்கல. அவன் மலையிலேயே நின்னுட்டான். கடுதாசிக்கும் பதில் இல்ல. நான் எவ்வளவு நாளைக்குத்தாங்க புள்ளயக் காவக் காக்குறது? ஒங்க வார்த்தய மீறிட்டேன்னு நெனைக்காதீங்க. நீங்க வேணாம்னா நான் இன்னிக்கே போயி நிறுத்திர்றேன். சொல்லுங்க."

பிறகு வாயை எடுத்துவிட்டுக் காதை வைத்தாள்.

எனக்கு அந்த நேரம் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. காற்றும் நின்றுவிட்டது. என் பெருவிரலில் குதிரையின் இரும்பு முனை பதிந்துகொண்டிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சும்மா கேட்பதுபோல் நடிக்கிறவர்களை நான் வகுப்பில் தினமும் காண்கிறவள். இது அது இல்லை. இடையில் "ம்" என்றாள். ஒருதரம், "அதெல்லாம் செஞ்சாச்சு" என்றாள். முகம் மெல்ல இளகிக்கொண்டு வந்தது. கண்ணீர் வழிந்து குழலோரம் இறங்கியது. கடைசியில் வெட்கப்பட்ட பெண்ணைப்போல ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"சரின்னுட்டாரு" என்றாள் எங்களைப் பார்த்து.

பிறகு எனக்குப் பக்கமாகக் குனிந்து, மெதுவாகச் சொன்னாள். "கைய எடுங்க டீச்சரம்மா. பயப்புட வேணாமாம். உள்ளுக்க ஒரே ஈரமாக் கெடக்காம். ஒண்ணும் வெடிக்காதுன்னாரு."

துவக்கில் மருந்து இருக்கிறதென்று அவளுக்கு நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை.

அத்தான் வந்ததும் அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் வெடித்தொப்பியை எடுத்துவிட்டு இடியனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்; நானும் போனேன். பட்டறைக்காரர் துவக்கின் வாயை ஒருபக்கம் திருப்பிப் பிடித்து, அடியைக் கழற்றினார். மருந்து தூளாகக் கொட்டவில்லை. கறுப்புச் சேறாக வழிந்தது. விடியற்புறம்தான் அத்தான் காய்ந்த மருந்து போட்டவர். வாயால் இறங்கிய கண்ணீர் சன்னத்தைத் தாண்டி அடிவரை போயிருக்கும் என்று அத்தான் வழியில் சொல்லத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கு முன்பே குழல் தன் இடத்துக்குப் போய்விட்டது. அத்தானே தன் கையால் பழைய ஓட்டையில் அதன் வாயைக் குத்தி நட்டார். நட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். கும்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை, மரியாதைக்காக வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். பன்றிகளை அந்தப் போகம் தகரம் தட்டியும் பந்தம் கொளுத்தியும் குரல் அடைக்கும்வரை கத்தியும்தான் கலைத்தோம். செல்லாயியின் ஆட்கள் கல்யாணம் முடிந்த கையோடு முறைபோட்டு வந்து காவல் நின்றார்கள். கீழ்மூலை முழுவதும் போய்விட்டது. மிச்சம் வீடு வந்து சேர்ந்தது. அக்கா மாமியார் வீட்டுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு துவக்கென்றாலே வேறு பொருள் என்ற காலம் வந்தது. இடியன்கள் போய்விட்டன, பன்றிக்குப் பயந்தவர்களெல்லாம் வேறு எதற்கெல்லாமோ பயப்படப் பழகிக்கொண்டார்கள். எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்தது. அக்காவும் அத்தானும் அக்கராயனை விடமாட்டோம் என்று நின்றார்கள். கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து அவர்களும் கிழக்கே நடந்தார்கள். முள்ளிவாய்க்கால் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார். அத்தானிடம் கண்ணாடி இருக்கவில்லையாம், அக்கா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாளாம். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

சண்டை முடிந்து, சனங்களை ஊருக்குப் போக விட்ட பிறகு ஒருமுறை அக்கராயனுக்குப் போனேன். குளக்கட்டுக்குப் புதிதாகக் கல் அடுக்கியிருந்தார்கள். ஐயனாருக்குச் சீமெந்துக் கூரை, மாபிள், நீலமும் ரோஸுமாகப் பெயின்ற். மருதமரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குழல் ஒன்றுகூட இல்லை. மண் மட்டமாகக் கிடந்தது. ஊரெல்லாம் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் படலைப் பூட்டைக்கூட விட்டுவைக்காத காலம் அது, இவற்றை விடுவார்களா? எந்த லொறியில், எந்த உலைக்குப் போனதோ. எனக்குக் கோபமும் வரவில்லை. வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

அங்கேதான் வசந்தியைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. தாயின் சாயல் அப்படியே. நான் ஒருகணம் செல்லாயி என்றே நினைத்துவிட்டேன். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தாயைக் கேட்டேன். கடைசி நாட்களில், பதுங்குகுழிக்கு வெளியே தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் முடிந்துவிட்டது என்றாள். அந்த இடத்திலேயே மூடிவிட்டு வந்தார்களாம். இப்போது போனால் எந்த இடம் என்று காட்டத் தெரியாதாம்.

"இஞ்சை ஐயனாரடியிலை அம்மாவுக்கும் ஒண்டு நட்டுவிடலாமே, பிள்ளை. கதைக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. தாயைப்போலவே மெதுவாகச் சொன்னாள்.

"ஆளக் கொன்ன கொழலத்தானே நடணும், டீச்சர். அப்பாவ அடிச்சது எதுன்னு தெரியும், நட்டாங்க. எங்கம்மாவ அடிச்சது எந்தக் கொழலுன்னு நான் யாருகிட்ட போயிக் கேப்பேன்?"

அக்காவை நினைத்தேன். அத்தானை நினைத்தேன். நானும் வசந்தியும் குளக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். உச்சி வெயில் சரியும்வரை இருந்தோம். சொல்வதற்கு அவளிடமும் நிறைய இருந்தது, என்னிடமும் நிறைய இருந்தது.